ஜனாதிபதியம்மாவுக்கு நான் கொடுத்த நோய்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. தவக்காலத்துக்குச் சற்று முந்தைய நாட்கள். மின்விசிறி போடும் அளவுக்கு வெயில் வரவில்லை. ஆனாலும் பெண்கள் பக்கத்தில் சிலர் பாட்டுத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மழைக்காக, நாட்டை ஆள்வோருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று மன்றாட்டுகள் வழக்கம்போல் முடிந்தன. பிறகு பங்குச் சாமியார் தாமே மைக்கின் அருகே வந்தார்.

"நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சகோதரி ஆக்னஸ், நெஞ்சு நோயால கஷ்டப்படுறாங்க. சத்தமா பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவங்க சீக்கிரம் குணமடையணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்."

ஆக்னஸ் என் மனைவி. பெண்கள் பக்கத்தில் நடுவரிசையில், பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலையில், குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள். சற்றுமுன் தியானப் பாட்டை மற்ற எல்லாருடைய குரலுக்கும் மேலே எடுத்துப் பாடியவளே அவள்தான். சாமியாருக்குத் தூரப் பார்வை குறைவு.

தன் பெயர் வந்ததும் நிமிர்ந்தாள். ஆண்கள் பக்கம் திரும்பி, தேடாமலே நேராக என்னைப் பார்த்தாள். நான் எங்கே உட்காருவேன் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். அவளும் வாயசைத்தாள். தனக்காகத் தானே வேண்டிக்கொண்டாள்.

இந்தத் தொடரில் இதுவரை என் கல்லூரியையும் மாணவர்களையும் பற்றி எழுதிவந்தேன். நல்ல வாத்தியார் என்று சிலர் பாராட்டியும் எழுதினார்கள். இந்த வாரம் வீட்டுக்குள் வரவேண்டியிருக்கிறது. அவளுக்கு அந்த நோயைக் கொடுத்தவன் நான்.

யாரும் கல்லெறியாத கதை

தொண்ணூற்றொன்றில் காவிரிக்காக நடந்த கலவரத்துக்குப் பிறகு, எங்கள் கோயில் இருக்கும் விவேக் நகர் பக்கத்தில் சில வருடங்கள் தமிழ் நாடகமே போடவில்லை. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தின்மேல் வெள்ளையடித்திருந்த காலம். கோயில் திருவிழாவுக்கு மறுபடியும் நாடகம் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, விழாக் குழுவில் எல்லாருக்கும் உள்ளூரப் பயம்.

"சோழன் கதை வேணாம் சார். கன்னடக்காரங்க கோச்சுப்பாங்க" என்றார் ஒருவர்.

"சாமி கதையும் வேணாம். போன தடவ யூதாஸா நடிச்சவனுக்கு இன்னும் பொண்ணு கெடைக்கல" என்றார் இன்னொருவர்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளன். நூலகத்தில் படித்த ஒரு அமெரிக்க ஜனாதிபதியின் கதையைச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். பள்ளிக்கூடமே போகாத தையல்காரர், ஜனாதிபதியானவர்.

"பேஷ்! அமெரிக்காக்காரன் கதைக்கு எவன் சார் கல்லெறியப் போறான்?" என்று குழு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டது. எழுதுவதும் நான், ஜனாதிபதியாக நடிப்பதும் நான் என்று முடிவானது. முடிவு செய்தது யார் என்று கேட்காதீர்கள்.

மாடியறையில் இருந்தவள்

அந்த ஜனாதிபதியின் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ஒரு செருப்புத் தைப்பவரின் மகள். தகப்பன் சீக்கிரமே இறந்துபோக, தாயும் மகளுமாகக் கைவேலை செய்து பிழைத்தார்கள். அந்தச் சிற்றூருக்கு ஒரு நாள் ஒரு தையல்கார இளைஞன் வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கினான். தோழிகளோடு நின்றிருந்தவள் அவனைப் பார்த்தவுடனே, இவன்தான் என் மாப்பிள்ளை என்று சொன்னதாகக் கதை. மணம் முடித்தபோது அவளுக்குப் பதினாறு வயது.

அவன் துணி தைக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினாள். எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தாள். அவன் பேச்சாளனாகி, பதவிகளில் ஏறிக்கொண்டே போனான். அவள் நெஞ்சு நோயில் இறங்கிக்கொண்டே போனாள். உள்நாட்டுப் போரில் எதிரிகள் அவளை வீட்டைவிட்டுத் துரத்த, நோயோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போர்முனையைக் கடந்தாள்.

வெள்ளை மாளிகைக்கு வந்த பிறகும் அவள் விருந்துகளில் தென்படவில்லை. மாடியில் ஓர் அறையிலேயே இருந்தாள். விருந்தினர்களை மகள் கவனித்தாள். ஆனால் தினமும் பத்திரிகைகளைப் படித்து, கணவனைப் பற்றிய நல்ல செய்திகளை இரவில் காட்டுவாளாம். கெட்ட செய்திகளைக் காலைவரை வைத்திருப்பாளாம். அவன் தூங்கவேண்டும் அல்லவா?

அவனைப் பதவிநீக்கம் செய்ய வழக்கு நடந்தது. ஒரே ஓட்டில் தப்பினான். செய்தி சொல்ல ஓர் ஊழியன் மாடிக்கு ஓடினான். அவள் கண்ணில் நீர் நின்றது. அந்த ஊழியனின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியும் என்றாள்.

அந்த ஜனாதிபதி நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். விடுதலையான அடிமைகளுக்கு உரிமை கிடைக்கவிடாமல் குறுக்கே நின்றவர். அதை நான் நாடகத்தில் சேர்க்கவில்லை. நடிப்பது நான் அல்லவா?

மூக்கடைத்த குரல்

மனைவி வேடத்துக்கு முதலில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் மேடை கூடாது என்றார்கள். ஒத்திகை பாதியில் நின்றது. "நம்ம ஆக்னஸ் அக்காவே நடிக்கட்டுமே" என்று யாரோ சொன்னார்கள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆக்னஸ் ஓர் அரசுத் தொழிற்சாலையில் தொலைபேசி ஆபரேட்டர். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால்தான் அந்த வேலை கிடைத்தது என்று போகிற இடமெல்லாம் சொல்வேன். அவளும் கேட்டுக்கொண்டே பலகாரத் தட்டை எல்லாருக்கும் நீட்டுவாள்.

அந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கல்லூரி அலுவலகத்திலிருந்து சில சமயம் குரலை மாற்றி அவளுடைய தொழிற்சாலைக்குப் பேசுவேன். மற்ற ஆண்களிடம் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க. "குட் மார்னிங், ஒன் மினிட் சார், கனெக்ட் பண்றேன்" என்பாள். அந்த 'சார்' எல்லாருக்கும் ஒரே அளவில் தித்திப்பாக இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னாள்: "யாரோ ஒருத்தர் மூக்கடைச்ச மாதிரி அடிக்கடி போன் பண்றாருங்க. பாவமா இருக்கு. நாளைக்கு வரும்போது ஒரு விக்ஸ் டப்பா வாங்கிட்டு வாங்க."

அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை.

திருவிழா மேடை

கோயில் பள்ளி மைதானம். கரும்பும் வறுகடலையும் விற்ற கடைகள்கூட விளக்கைத் தணித்துவிட்டு நாடகம் பார்த்தன. இரண்டாம் காட்சியில் மனைவி தையல்காரனுக்கு எழுதக் கற்றுத்தருகிறாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்காரவேண்டும். அவள் பின்னால் குனிந்து என் கையைப் பிடித்துப் பலகையில் எழுதவைக்கவேண்டும். எழுதியபோது எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது.

மைதானத்தின் கடைசியில் என் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார் ஃபெயிலு!" என்று ஒரு குரல். பெரிய விசில்.

"மேடம், முட்டி போட வைங்க மேடம்!" என்று இன்னொன்று.

ஆக்னஸ் கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கலாம் என்றே எனக்குத் தெரியாது. பிறகு என் காதருகே, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "இன்னொரு தரம் எழுதலாமா?" என்றாள். மைதானமே சொக்கிப்போனது.

தீர்ப்புக் காட்சியில் அவளுக்கு ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். கணவனின் வீரம், நேர்மை, அறிவு என்று அடுக்கடுக்காகப் புகழும் வசனம். ஊழியன் மாடிக்கு ஓடி வந்து செய்தி சொன்னான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் கையை மெல்லப் பிடித்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். என் ஒரு பக்கத்தையும் விழுங்கிவிட்டாள்.

கைதட்டல் எழ ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி மௌனம் என் வாழ்க்கையில் எந்த மேடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு என்னுடைய இறுதி உரை. தாய்மார்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சிலர் கிளம்பியும்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் ஜனாதிபதியம்மா. மீன்காரர் ஒரு துண்டு சேர்த்துப் போட்டார். ஆட்டோக்காரர் ஒருவர் என்னை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், நீங்க ஜனாதிபதியம்மா வூட்டுக்காரரு தானே?" நாடகத்தில் நான் ஜனாதிபதி. அந்தத் தெருவில் நான் வீட்டுக்காரர்.

ஆறுதலுக்காக அவளிடம் கேட்டேன்: "ஏன் அந்த வசனத்த விட்டுட்ட?"

"அவ்வளவு பேசறவளா இருந்தா அவ மாடியிலயே இருந்திருக்க மாட்டாளுங்க" என்றாள்.

சரியான பதில். அதனாலேயே பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சொன்ன பொய்

கன்டோன்மென்ட் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியராஜ் என்பவர் தேடி வந்தார். பல பங்குக் கோயில்கள் சேர்ந்து, தவக்காலம் தொடங்குவதற்கு முன், நகரத்தில் பெரிய மண்டபத்தில் எங்கள் நாடகத்தைப் போட விரும்புகின்றன என்றார். எனக்குத் தலை சுற்றியது. பிறகு சொன்னார்:

"ஒரு சின்ன மாத்தம் சார். கதைய அம்மாவ வெச்சே ஆரம்பிச்சு, அம்மாவ வெச்சே முடிக்கலாம். தலைப்பும் 'ஜனாதிபதியின் மனைவி'ன்னு போட்டுடலாம். ஊரே அதத்தான் சொல்லுது."

ஆக்னஸ் அன்று வேலைக்குப் போயிருந்தாள். நான் அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். அவர் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டபடியே சொன்னேன்: "அவளுக்கு உடம்பு சரியில்ல. நெஞ்சுல கோளாறு. சத்தமா பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

பொய்யைக்கூட நான் சொந்தமாக உருவாக்கவில்லை. நாடகத்திலிருந்து எடுத்தேன்.

அந்தப் பொய் ஆரோக்கியராஜோடு போய்விடும், அவளுக்கு அழைப்பு வந்ததே தெரியாமல் போகும் என்று நினைத்தேன். எங்கள் பங்கில் ஒருவருக்கு நோய் என்றால் அந்தச் செய்தி முதலில் மருந்துக் கடைக்குப் போவதில்லை, மன்றாட்டுக்குத்தான் போகும் என்பதை நான் மறந்தேன். பல வருடங்களாக அந்தக் கோயிலில் முழங்கால் போட்டவன் மறக்கக்கூடிய விஷயமா அது?

இருமல்

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வீட்டு ரோசி அக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏண்டி, ஒரு வார்த்த சொல்லல? நாடகமும் போச்சாமே! ஆரோக்கியராஜ் வந்து கூப்பிட்டதுக்கு ஒன் வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாராம். நேத்துதான் ஃபாதர் சொன்னாரு."

நான் நான்கடி தள்ளி நின்றேன். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனை பேர் நடுவில் நான் பொய்யன் ஆகிவிடுவேன்.

ஆக்னஸ் சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள். மெல்ல இருமினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபின் கேட்டாள்: "எனக்கு என்ன வியாதின்னு சரியா சொல்லிடுங்க. வர்றவங்க கேப்பாங்கல்ல?"

மறுநாள் முதல் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வந்தன. ரொட்டி வந்தது. சாத்துக்குடி வந்தது. ரோசி அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்து, கதவருகே என்னை நிறுத்தி, "நல்லா பாத்துக்கோங்க சார். மாலை கட்டிப் போட்டப்பறம் அழுது என்ன பிரயோஜனம்?" என்றார்.

அவள் அதிகம் இருமவில்லை. ஒவ்வொருவர் வந்து உட்கார்ந்த பிறகும் ஒரு தரம், அவர்கள் எழுந்துபோகும்போது ஒரு தரம். பேசுவதையும் கைசாடையில் வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் வெளியே போய், "என்ன பொறுமை! முகத்துல ஒரு ஒளி வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதைக் கேட்டும் எனக்குப் பொறாமை வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் கொடுத்த பொய் நோயைக்கூட அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

வியாழக்கிழமை

வாராவாரம் கோயிலில் நவநாள் செபம் நடக்கும் தினம். மாலையில் கோயிலைச் சுற்றி மெழுகுவர்த்திக் கடைகளும் கூட்டமும். ஆரோக்கியராஜ் அன்று ஐந்து மணிக்குச் சாமியார் வீட்டுக்கு வருவதாகவும், மனைவி வேடத்துக்கு வேறு பெண்ணை முடிவு செய்யப்போவதாகவும் ரோசி அக்கா வந்து சொல்லிப்போனார்.

ஆக்னஸ் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த வேஷம் எனக்கு வேணுங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 'எனக்கு வேணும்' என்று அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு யாருக்கும் தெரிய வேணாம். எக்ஸ்ரே மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. வேற யாரோடதோ நம்மகிட்ட வந்துடுச்சு, டாக்டர் இப்பத்தான் சொன்னாருன்னு சொல்லுங்க. ஃபாதர் சிரிச்சுட்டுப் போயிடுவாரு. ஒரே ஒரு வார்த்தங்க."

"சரி" என்றேன். நிஜமாகவே சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எக்ஸ்ரே மாறிப்போச்சு ஃபாதர். எக்ஸ்ரே மாறிப்போச்சு.

சாமியார் வீட்டு முன்னறையில் இருவரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆரோக்கியராஜ் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வீட்ல அம்மா அந்த நெலமையில இருக்க, நீங்க நாடகத்துக்காக நடந்து வர்றீங்களே! ஃபாதர்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன். அந்த ஜனாதிபதியே நீங்கதான் சார்."

சாமியார் தலையசைத்தார். "பெரிய மனசு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆரோக்கியராஜ் தொடர்ந்தார்: "அம்மா இல்லாததால அந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் கொறச்சுக்கலாம் சார். மாடி சீனையே எடுத்துடலாம். உங்க ஸ்பீச்சோட முடிச்சா கம்பீரமா இருக்கும். புதுப் பொண்ணுக்கும் கஷ்டமில்ல. என்ன சொல்றீங்க?"

"ஆக்னஸ் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் சாமியார். கதவை அவரே திறந்து வைத்ததுபோல் இருந்தது.

"கொஞ்சம் தேவல ஃபாதர்" என்றேன். பிறகு ஆரோக்கியராஜிடம் திரும்பி, "மாடி சீன எடுத்துடலாம்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் மெழுகுவர்த்திக் கடைகள் முன்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நான் வேகமாக நடக்கவில்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். ஆக்னஸ் கட்டிலில் இல்லை. குளித்து, தலையை உயர்த்திக் கொண்டை போட்டு, மேடையில் உடுத்திய கருநீலக் கவுனில் கண்ணாடிமுன் நின்றிருந்தாள். தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் போல. என்னைக் கண்டதும் நிறுத்தினாள். அவள் முகம் அவ்வளவு இளமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"சொல்லிட்டீங்களா?"

"ஃபாதர் இல்ல. ஊருக்குப் போயிருக்காராம். நாளைக்குத்தான் வருவாராம்."

சொல்லி வாயை மூடவில்லை. கோயில் ஒலிபெருக்கி கொரகொரவென்று உயிர் பெற்றது. நவநாள் தொடங்கியது. "அன்பார்ந்த சகோதர சகோதரிகளே..." எங்கள் தெருவில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜன்னல் வழியாக அது ஒவ்வொரு சொல்லாக உள்ளே வந்தது. நாங்கள் இருவரும் நின்று கேட்டோம்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கோயிலுக்கு ஓடியிருப்பேன் என்று பிற்காலத்தில் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதுவும் உண்மையா என்று தெரியவில்லை. அவள் இறந்து சில வருடங்களாகின்றன. இருந்திருந்தால் இதை எழுத என்னை விட்டிருக்கமாட்டாள்.

அவள் மெல்லத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கவுனின் பின்புறம் கழுத்திலிருந்து இடுப்புவரை கொக்கிகள். உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாமல் தானே எப்படியோ கையை வளைத்து மாட்டியிருந்தாள். ஒன்றிரண்டு மாறி மாட்டியிருந்தன.

"கழட்டி விடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவள் அசையவில்லை. பிறகு உள்ளே போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கொண்டையைப் பிரித்தாள். கட்டிலில் படுத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.



"வாசக்கதவத் தெறந்து வைங்க" என்றாள். "நவநாள் முடிஞ்சதும் ஆளுங்க என்னப் பாக்க வருவாங்க."